ஜூம், மீட், டீம்ஸ்: களைப்பைக் கணக்கில் எடுத்து ஒரு விமர்சனம்

படம் தெளிவாக வருகிறதா, குரல் உடைகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடும் விமர்சனங்கள் நிறைய உண்டு. நாள் முழுக்க மீட்டிங்கிலேயே கிடப்பவர்களுக்கு முக்கியமான கேள்வி வேறு: மாலையில் லேப்டாப்பை மூடும்போது வீட்டில் இருப்பவர்களோடு பேச உடம்பில் தெம்பு மிச்சம் இருக்கிறதா? இந்தக் கணக்கில் ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றிலுமே கேமராவைப் போட்டதும் நம் முகம் நம் கண் முன்னாலேயே வந்து நிற்கும், நாமாக மறைக்காவிட்டால் கூட்டம் முடியும்வரை போகாது. என் பெரிய குறை அதுதான்.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் வீடியோ கூட்டங்கள் தரும் இந்தக் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். மிக அருகில் தெரியும் முகங்கள் விடாமல் நம்மையே பார்ப்பது, நம்மை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, கேமராவுக்குள் அடங்கும்படி அசையாமல் உட்காருவது, நேரில் தானாக நடக்கும் தலையாட்டல் மாதிரியான சைகைகளை இங்கே மெனக்கெட்டுச் செய்ய வேண்டியிருப்பது. நேரில் ஒருவர் பேசும்போது அவரைப் பார்ப்போம், நோட்டைப் பார்ப்போம், கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புவோம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். திரையில் வாயே திறக்காதவர்கூட எல்லோர் பார்வையிலும் இருப்பதாகவே உணர்கிறார். போதாததற்கு குரல் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்வது வேறு: இருவர் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று நின்று, யாருமே சொல்லாமல் போகும்.

சரி, என்ன செய்யலாம்? ஜூமில் உங்கள் படத்தின் மேல் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஹைட் செல்ஃப் வியூ' இருக்கும். மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு மட்டும் தெரியாது. டீம்ஸில் 'ஹைட் ஃபார் மீ' என்று இருக்கும். என்னைக் கேட்டால் இந்தச் செயலிகளில் இருப்பதிலேயே உருப்படியான வசதி இதுதான், இதைப் போய் மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அப்புறம், முழுத்திரையில் பார்க்காமல் செயலியின் ஜன்னலைச் சின்னதாக்குங்கள், தனி கீபோர்டு இருந்தால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம், முகங்கள் அவ்வளவு நெருக்கமாகத் தெரியாது.

கூகுள் காலண்டரில் 'ஸ்பீடி மீட்டிங்ஸ்' போட்டுவைத்தால் 30 நிமிடக் கூட்டம் 25-ல் முடிவதாகப் பதிவாகும். அந்த 5 நிமிடத்தில் எழுந்து நடங்கள், மெயில் பார்க்க உட்காராதீர்கள்.

கேமராவை அணைப்பது பற்றி ஒரு நல்ல ஆய்வும் 2021-ல் வந்தது. 103 ஊழியர்களை 4 வாரம் கவனித்ததில், கேமரா போட்டிருந்த நாட்களில் களைப்பு கூடியிருந்தது, பெண்களையும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களையும் அது அதிகம் பாதித்தது. இவர்கள்தான் "நான் கேமராவை அணைச்சுக்கலாமா?" என்று கேட்கத் தயங்குபவர்கள். அதனால் கூட்டம் நடத்துபவரே ஆரம்பத்தில் "கேமரா உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிட வேண்டும், தன் கேமராவையும் அவ்வப்போது அணைத்துக் காட்ட வேண்டும். இரண்டே பேர் பேசும் விஷயமாக இருந்தால் போன் போட்டுவிட்டு நடந்துகொண்டே பேசுங்கள், இந்த மூன்று செயலிகளுமே தேவையில்லை.