ஹெர்பி சொன்ன பொய்: ஐசக் அசிமோவின் ‘ஐ, ரோபாட்’

அசிமோவின் அறிவியல் கதைத் தொகுப்பான ‘ஐ, ரோபாட்’ என்றதும் எல்லோரும் அதில் ரோபாட்டுகளுக்கு வகுத்த மூன்று விதிகளைத்தான் ஒப்பிக்கிறார்கள். ஒன்று, மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரும்போது கைகட்டியும் நிற்காதே; இரண்டு, மனிதன் சொல்வதைக் கேள்; மூன்று, உன்னையும் காத்துக்கொள். விதிகளை மனப்பாடம் செய்துவிட்டுக் கதைகளை மறந்துவிடுவது பெரிய இழப்பு. 1950இல் புத்தகமாக வந்த இத்தொகுப்பின் ஒன்பது கதைகளில் ‘லயர்!’ (பொய்யன்!) ஒன்றுக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

தயாரிப்பில் நேர்ந்த ஏதோ பிசகால் ஹெர்பி என்ற ரோபாட்டுக்கு மனிதர் மனத்தைப் படிக்கும் சக்தி வந்துவிடுகிறது. அறிவியல் நூல்களைக் கொடுத்தால் அலுத்துக்கொண்டு காதல் நாவல்களைக் கேட்கிறது. ரோபாட் உளவியலாளர் சூசன் கால்வினுக்கு உடன் வேலை செய்யும் ஆஷ் மீது சொல்லாத காதல். அவருக்கும் உன்மேல் விருப்பம்தான் என்கிறது ஹெர்பி. முப்பத்தெட்டு வயதில் அந்தப் பெண் முகப்பூச்சு பூசிக்கொண்டு வேலைக்கு வரத் தொடங்குகிறாள். ஒருநாள் ஆஷ் வந்து, தான் வாங்கப்போகும் வீட்டையும் தன் திருமணத்தையும் பற்றி அவளிடமே மகிழ்ச்சியாகச் சொல்கிறான்.

மனம் நோவதும் தீங்குதானே? அதனால் முதல் விதிப்படி ஹெர்பியால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

நான் புற்றுநோய் வார்டில் செவிலியர். “அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், சிஸ்டர்” என்று மகன் கதவருகே நின்று கெஞ்சுவார். உள்ளே போனால் அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “நீயாவது சொல்லம்மா” என்பார். நல்ல வார்த்தையாக ஏதாவது சொன்னால், அதை நம்பி அடுத்த தை மாதம் பேத்திக்குக் கல்யாணம் பேசுவார். பொய்யின் தீங்கு, அதை நம்பியவர் அதன்மேல் எதைக் கட்டுகிறார் என்பதில் இருக்கிறது. அசிமோவ் இதை அந்த முகப்பூச்சிலேயே காட்டிவிட்டார்.

கடைசியில் கால்வின் ஹெர்பியை நிற்கவைத்துக் கேட்கிறாள்: சொன்னாலும் நோகும், சொல்லாவிட்டாலும் நோகும், என்ன செய்வாய்? அது உருக்குலைந்து அலறிச் சாயும்வரை விடுவதில்லை. அவளைத் தடுக்க எந்த விதியும் இல்லை. அவள் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் என் மனம் ஹெர்பி பக்கம்தான் நின்றது.

‘லிட்டில் லாஸ்ட் ரோபாட்’ கதையும் இதே வலுவுள்ளது. காமா கதிர்வீச்சுக்கு இடையே வேலை செய்பவர்களை ரோபாட்டுகள் ஓயாமல் இழுத்துவந்து காப்பாற்றுகின்றன. வேலை கெடுகிறதென்று, ‘கைகட்டி நிற்காதே’ என்ற பகுதியைச் சில ரோபாட்டுகளிலிருந்து ரகசியமாக நீக்கிவிடுகிறார்கள். எரிச்சலில் ஒருவர் “எங்காவது தொலைந்து போ” என்று திட்ட, அப்படிப்பட்ட ரோபாட் ஒன்று அச்சு அசல் தன்னைப் போன்ற 62 ரோபாட்டுகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு பாதுகாப்பு விதி இடைஞ்சல் என்று மேலிடத்தில் யாராவது சொல்லும்போதெல்லாம் இந்தக் கதை எனக்கு நினைவுக்கு வருகிறது.

எல்லாமே இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். பவல், டானவன் இருவரும் ரோபாட் கோளாறுகளைத் துப்புத்துலக்கும் கதைகளில் புதன் கோளில் நடக்கும் ‘ரன்அரவுண்ட்’ நன்று. ‘கேட்ச் தட் ராபிட்’ இழுவை. கால்வினைத் தவிர மனத்தில் நிற்கும் பெண் பாத்திரமே இல்லை. அவளையும் அறிவு மிகுந்ததால் உலர்ந்துபோனவளாக வரைந்திருப்பது என்னைக் கோபப்படுத்துகிறது.

நடை எளிது, ஓரளவு ஆங்கிலம் தெரிந்தாலே தடங்கலின்றிப் படிக்கலாம். பிள்ளைகளுக்கு ‘ராபி’யிலிருந்து தொடங்குங்கள். மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் நேரே ‘லயர்!’ கதைக்குப் போய்விடலாம்.