விண்டோஸ் 10 முடிந்த பிறகு பழைய கணினிக்கு எது தோது?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது.

எந்த வழிக்குப் போனாலும் முதல் செலவு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம். கணினி மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் பிராசஸரைவிடச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். 240 ஜிபி, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். ராமை 8 ஜிபி ஆக்குங்கள். பழைய லேப்டாப் பலவற்றில் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ராம்தான் வேலை செய்யும், 1.5 வோல்ட் ராமைச் செருகினால் திரையே வராமல் போகலாம்.

செலவில்லாத வழி இஎஸ்யூ எனும் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. ஆனால் அறிவித்த கெடு 2026 அக்டோபர் 13; அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

பென்டிரைவில் இயங்குதளத்தை எழுதும் ரூஃபஸ் மென்பொருள் மூலம் டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடலாம். அடுத்த பெரிய பதிப்பு தானாக வராமல் போகலாம். அப்போது மறுபடி பென்டிரைவோடு உட்கார வேண்டும். பழைய கோர் 2 டுயோ பிராசஸரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட் ஆகவே ஆகாது, அதற்குத் தேவையான பாப்கவுன்ட் கட்டளை அந்தச் சிப்பில் இல்லை.

இணையம், வீடியோ, கடிதம் மட்டும் போதும் என்பவர்களுக்கு எங்கள் தேர்வு விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22, அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, நிறுவாமலே பென்டிரைவிலிருந்தே லைவ் முறையில் ஓட்டி வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதியுங்கள். பிராட்காம் வைஃபை சிப்புக்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். கைபேசியை யூஎஸ்பியில் இணைத்து, அதன் இணையத்தில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வந்துவிடும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விரைவாகத் தொடங்கும் வசதி) என்பதை முதலில் அணையுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸில் விண்டோஸ் டிரைவ்கள் படிக்க மட்டுமே திறக்கும்.

லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருக் கோப்பையும் நகலெடுத்து வையுங்கள். அது இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும்.

கேனன் எல்பிபி2900 பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அவசரப்படாதீர்கள். லினக்ஸில் அதன் கேப்ட் டிரைவரை ஓட வைப்பது பெரும்பாடு. கணக்கு மென்பொருளான டேலிக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. இந்த இரண்டில் ஒன்று அன்றாடம் தேவையென்றால் இப்போதைக்கு இஎஸ்யூ, கெடுவுக்குள் புதுக் கணினி.