தூரத்து சர்வரில் ஃபோல்டர் திறக்க எடிட்டர் திணறினால்: டிராம்ப், எஸ்எஸ்எச்எஃப்எஸ், விஎஸ் கோட்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உட்கார்ந்து அமெரிக்க சர்வரில் கோடு எழுதும் நம்மாட்கள், ஃபோல்டர் திறக்க நேரமானால் உடனே எடிட்டரை மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் அந்த சர்வருக்கு ஒரு பிங் (ஒரு சின்ன கேள்வி போய்ப் பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கமாண்ட்) போட்டுப் பாருங்கள். மும்பை டேட்டா சென்டர் என்றால் சில பத்து மில்லிசெகண்டில் பதில் வரும், அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் 200-ஐத் தாண்டும், வீட்டில் எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் அது குறையாது, ஏனென்றால் அது தூரத்தால் வருவது. ஒரு கேள்விக்கு 200 என்றால், 500 ஃபைலை ஒவ்வொன்றாக விசாரிக்க 100 செகண்ட். அதனால் எது எத்தனை தடவை போய்வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

தூரத்து ஃபோல்டரை எஸ்எஸ்எச் (ரிமோட் லாகின்) வழியாக நம் மெஷினோடு இணைக்கும், அதாவது மவுன்ட் செய்யும் எஸ்எஸ்எச்எஃப்எஸ், ஒரு ஃபோல்டரைக் காட்டுவதில் மோசமில்லை, பெயரோடு சைஸும் தேதியும் சேர்ந்தே வந்துவிடும். சிக்கல், மவுன்ட் ஆனதும் அது லோக்கல் டிஸ்க் மாதிரியே தெரிவதுதான்: கிட் ஸ்டேட்டஸ் (எந்த ஃபைல் மாறியது என்று பார்ப்பது), லின்டர் (கோடில் பிழை தேடுவது), சைட்பார் எல்லாம் உள்ளே உள்ளே போய்த் தேட ஆரம்பிக்கும். நடுவில் நெட் போனால் அந்த ஃபோல்டரைத் தொட்ட டெர்மினலும் சேர்ந்து உறைந்துவிடும். இரண்டு கான்ஃபிக் ஃபைலைத் திருத்த மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஈமேக்ஸ் எடிட்டருக்குள்ளிருந்தே தூரத்து ஃபைலைத் திறக்கும் டிராம்ப்பைப் பலர் அநியாயமாகத் திட்டுகிறார்கள். அது அந்தப் பக்கம் ஒரு ஷெல்லைத் திறந்து கமாண்ட் அனுப்புகிறது, ஃபோல்டர் பட்டியல் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு எல்எஸ் கமாண்ட். நேரத்தைத் தின்பது அதைச் சுற்றி நடப்பவை. டிராம்ப்பின் வெர்போஸ் அளவை 6 ஆக்கிவிட்டு ஒரு ஃபைலைத் திறந்தால், டீபக் பஃபரில் போன கமாண்ட் ஒவ்வொன்றும் நேரத்தோடு வரிசையாக விழும். இந்த ஃபைல் எந்த வெர்ஷன் கன்ட்ரோலில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூலில்) இருக்கிறது என்று தேடி, டாட் கிட் இருக்கிறதா, எஸ்விஎன் இருக்கிறதா, மெர்க்கூரியல் இருக்கிறதா, இல்லையா, சரி, மேல் ஃபோல்டரில் பார், அதற்கும் மேலே பார் என்று ஒரு ஃபைலுக்கு இத்தனை விசாரணை! வெர்ஷன் கன்ட்ரோல் பட்டியலில் கிட்டை மட்டும் விட்டுவைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும், ரிமோட் ஃபைல்களுக்கு இந்தத் தேடலையே முழுசாக அணைத்தால் இன்னும் நல்லது.

விஎஸ் கோட் எடிட்டரின் ரிமோட் எஸ்எஸ்எச் எக்ஸ்டென்ஷன் வேறு வழி. சர்வரிலேயே தன் பாதியை நிறுவிக்கொள்கிறது, தேடலும் கிட்டும் அங்கேயே ஓடும், முடிவு மட்டும் இங்கே வரும். தூரமான மெஷினுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அந்தப் பக்கம் குறைந்தது 1 ஜிபி ரேம் கேட்கும், நோட் மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள் குவியும் இடம்) மாதிரி பெரிய ஃபோல்டர்களில் மாற்றம் வருகிறதா என்று வாட்ச் செய்யவிட்டால் திணறும், வாட்ச்சர் எக்ஸ்க்ளூட் செட்டிங்கில் அவற்றைச் சேர்த்துவிடுங்கள். மும்பை தூரம்தான், ஈமேக்ஸ் பழக்கம் என்றால் டிராம்ப்பை விட வேண்டியதே இல்லை.

மூன்றிலும் ஒரே ஃபோல்டர் இழுக்கிறதா? அப்போது எடிட்டர் காரணமில்லை. சர்வரில் நேராக லாகின் செய்து அதே ஃபோல்டரில் எல்எஸ் -எல், அப்புறம் எல்எஸ் -என் இரண்டையும் டைம் போட்டு ஓட்டுங்கள். முதல் தடவை படித்தது மெமரியில் (கேஷில்) தங்கி ஏமாற்றாமலிருக்க வரிசையை மாற்றி இன்னொரு முறை. பெயருக்குப் பதில் நம்பர் காட்டும் இரண்டாவது மட்டும் சட்டென்று முடிந்தால், யூசர் பெயரைத் தேட எல்டாப் மாதிரி, யூசர் பட்டியலை மொத்தமாக வைத்திருக்கும் சர்வருக்குப் போய் அங்கே மாட்டுகிறது என்று அர்த்தம், இரண்டு அவுட்புட்டையும் அப்படியே அட்மினுக்கு அனுப்பிவிடுங்கள்.