விசையா, எழுத்தா: உலாவியில் விசைப்பலகையையும் மவுஸையும் கவனித்த ஆறு ஆண்டுகள்

உலாவியில் இயங்கும் ஒரு வரைபடக் கருவியை ஆறு ஆண்டுகளாக எழுதியும் பராமரித்தும் வருகிறேன். கோடு இழுப்பது, பெட்டியை நகர்த்துவது, ஒற்றை விசையில் கருவியை மாற்றுவது என அதன் வேலைகள் அனைத்தும் விசைப்பலகையையும் மவுஸையும் நம்பியே இருப்பதால், உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் தரும் நிகழ்வுகளுடன் (விசை அழுத்தப்பட்டது, மவுஸ் நகர்ந்தது போன்ற அறிவிப்புகளுடன்) நாள்தோறும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் எல்லாரையும் போல நானும், நிகழ்வுடன் வரும் ‘கீகோட்’ என்னும் பண்பு ஒவ்வொரு விசைக்கும் தரும் எண்களை மனப்பாடம் செய்தவன்தான்: என்டர் 13, எஸ்கேப் 27, அம்பு விசைகள் 37 முதல் 40 வரை. அந்தப் பண்பு கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டதால் ‘கீ’ என்னும் பண்புக்கு மாறினேன். 37 என்று எழுதிய இடத்தில் ‘ஆரோலெஃப்ட்’ என்று எழுத முடிந்ததில் நிரலும் படிக்கத்தக்கதாயிற்று. தமிழ் 99 தளக்கோலத்தை (விசைகளில் தமிழ் எழுத்துகளை அடுக்கும் முறையை) இயக்கி வைத்திருந்த ஒரு பயனர், குறுக்குவிசைகள் எதுவும் வேலை செய்யவில்லை என்று எழுதும் வரை அந்த நிம்மதி நீடித்தது. தேர்வுக் கருவிக்கு ‘எஸ்’ விசையை வைத்திருந்தேன். அவருடைய தளக்கோலத்தை நிறுவி, விசை அழுத்தப்படும்போது எழும் கீடவுன் நிகழ்வைக் கன்சோலில் (உலாவியின் சோதனைத் திரையில்) அச்சிட்டுப் பார்த்தால், ‘கீ’யின் மதிப்பு ‘இ’ என்றும், ‘கோட்’டின் மதிப்பு ‘கீஎஸ்’ என்றும் வந்தது. விரல் தொட்ட இடம் எது என்பதைக் ‘கோட்’ சொல்கிறது. அதனால் பிறந்த எழுத்து எது என்பதைக் ‘கீ’ சொல்கிறது. இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணியதுதான் என் பிழை.

உடனே எல்லாவற்றையும் ‘கோட்’டுக்கு மாற்றியது அடுத்த பிழை. பிரெஞ்சு விசைப்பலகையில் ‘இசட்’ எழுத்து இருப்பது, அமெரிக்கத் தளக்கோலத்தில் ‘டபிள்யூ’ இருக்கும் இடத்தில். ஆகவே அங்கே கன்ட்ரோலுடன் ‘இசட்’டை அழுத்தியவருக்குச் செயல்நீக்கம் (அன்டூ) நடக்கவில்லை. இப்போது ‘கீ’யில் லத்தீன் எழுத்து வந்தால் அதையும், வேறு எழுத்து வந்தால் ‘கோட்’டையும் பார்க்கிறேன். அழகான தீர்வு அல்ல; ஆனால் இதன் பிறகு அந்த வகைப் புகார் வரவில்லை.

உரைப்பெட்டியில் என்டர் விசை வேறொரு தொல்லை தந்தது. உள்ளீட்டு முறைமையில் (தட்டச்சை எழுத்துகளாக மாற்றும் மென்பொருளில்) பரிந்துரைக்கப்பட்ட சொல்லை ஏற்க என்டரை அழுத்தினால், என் நிரல் எழுதி முடித்துவிட்டதாகக் கருதிப் பெட்டியை மூடிவிடும். சொல்லாக்கம் இன்னும் நடக்கிறதா என்று சொல்லும் ‘இஸ்கம்போசிங்’ பண்பைச் சோதித்தால் பெரும்பாலான உலாவிகளில் இது தீரும். சஃபாரியில் சொல்லாக்கம் முடிந்த நிகழ்வு முதலிலும் கீடவுன் பிறகும் வருவதால் அந்தச் சோதனை தோற்றுப்போகும். ஆகவே, விட்டொழித்த கீகோட்டை அந்த ஓர் இடத்தில் மட்டும், உள்ளீட்டு முறைமை விசையைக் கையாள்வதைக் குறிக்கும் 229 என்னும் எண்ணுக்காக இன்னும் வைத்திருக்கிறேன். கைப்பேசியின் திரை விசைப்பலகையிலும் பெரும்பாலும் இதே 229தான் வரும் என்பதால், அங்கே எழுத்துகளை அறிய, பெட்டியின் உரை மாறும்போது எழும் இன்புட் நிகழ்வையே நம்புகிறேன்.

மவுஸில் ‘பட்டன்’, ‘பட்டன்ஸ்’ என்று இரு பண்புகள் உள்ளன. நிகழ்வுக்குக் காரணமான பொத்தானைச் சொல்லும் முதலாவதில் இடப்பக்கம் 0, நடு 1, வலப்பக்கம் 2. இரண்டாவதில் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2, நடு 4, இடமும் வலமும் சேர்ந்து அழுத்தப்பட்டிருந்தால் 3. ‘பட்டன்’ மதிப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் நிபந்தனையில் இடப்பக்கப் பொத்தான், அதன் மதிப்பான 0 ‘இல்லை’ என்று கொள்ளப்படுவதால், பொய்யாகிவிடும். இதில் நான் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன்.

ஆயினும் ‘பட்டன்ஸ்’ எனக்கு மிகவும் பிடித்த பண்பு, ஏனெனில் அது அந்தக் கணத்தில் எவையெல்லாம் அழுத்தப்பட்டுள்ளன என்பதை ஒவ்வொரு நகர்விலும் சொல்கிறது. சன்னலுக்கு வெளியே பொத்தானை விட்டுவிட்டுத் திரும்புபவரின் அடுத்த நகர்வில் அது 0 என்று வந்தால், இழுத்தலை முடித்துக்கொள்ளலாம். விசைப்பலகையில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றின் நிலையை மட்டுமே இப்படிக் கேட்க முடியும். என் கருவியில் இடைவெளி விசையை அழுத்தியிருந்தால் வரைபடம் மவுஸுடன் நகரும். அதை அழுத்தியபடி ஆல்ட்-டேப் வழியாக வேறு சன்னலுக்குப் போனவருக்கு, விசை விடுபட்டதைச் சொல்லும் கீஅப் நிகழ்வு வந்து சேராது. திரும்பி வந்ததும், யாரும் தொடாமலேயே வரைபடம் மவுஸின் பின்னே ஓடும். மேக் கணினியில் கமாண்டு விசை அழுத்தத்தில் இருக்கும்போது மற்ற விசைகளை விட்டால் அவற்றின் கீஅப்பும் வருவதில்லை. அதனால் சன்னல் கவனம் இழக்கும்போதும், கமாண்டு விடுபடும்போதும், அழுத்திய விசைகளின் பட்டியலை முழுவதும் துடைத்துவிடுகிறேன்.

ஒன்றில் மட்டும் தோல்வியை ஒப்புக்கொண்டேன். புதிய வரைபடத்துக்குக் கன்ட்ரோல்-என் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். குரோம் உலாவியின் வழக்கமான தாவலில் அந்தச் சேர்க்கையை உலாவியே எடுத்துக்கொள்வதால், இயல்புச் செயலைத் தடுக்கும் கட்டளை எழுதியும் பயனில்லை. இப்போது அந்த வேலையை ஆல்ட்-என் செய்கிறது.