தடைக்காலத்தில் டீசல் லைன் வேலைக்குப் படகை விடுகிறவர்கள் கவனிக்கவும்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை தொடங்கிவிட்டால் கடலூர் முதுநகர் பக்கம் எந்தப் பட்டறையிலும் நிற்க இடமிருக்காது. ஜூன் 14-க்குள் படகு தயாராக வேண்டுமே என்று கிடைத்த ஆளிடம் கொடுக்கிறோம். அந்த அவசரத்தை வைத்துத்தான் ஒரு பட்டறைக்காரர் எங்களிடம் காசு பிடுங்கினார்.

எங்கள் விசைப்படகில் டேங்கிலிருந்து வரும் டீசல் பைப்பிலும் பில்டர் பக்கத்திலும் லேசான கசிவு, அவ்வளவுதான். "இனி ஒரு சொட்டு வராதுண்ணே" என்றார். சொட்டு வரவில்லை. ஆனால் தடை முடிந்து கிளம்பியபோது முகத்துவாரம் தாண்டுகிற இடத்தில் ரேஸ் கொடுத்ததும் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. அங்கே மணல் திட்டும் அலையும் எப்படியிருக்கும் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். பின்னால் வந்த படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்ததால் பிழைத்தோம்.

அதே ஆள் வந்து பார்த்துவிட்டு, பம்ப் போச்சு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலும் போச்சு என்று கழற்றிக்கொண்டு போய் 18,000 ரூபாய் பில் போட்டார். அப்புறமும் அதே கதைதான். சும்மா ஓடும்போது சரியாக ஓடுகிறது, வேகம் கூட்டினால் திணறுகிறது.

விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா புதுச்சேரியிலிருந்து வந்து முதலில் பில்டரின் பேன்ஜோ போல்ட்டைத்தான் கழற்றினார். நடுவில் துளை உள்ள போல்ட் அது, டீசல் அதற்குள் புகுந்துதான் போக வேண்டும். அந்தத் துளையில் டெப்லான் டேப் வெள்ளை நூலாகத் திரிந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அந்த போல்ட்டில் கசிவை நிறுத்துவது செம்பு வாஷர்தான். நசுங்கிப்போன பழைய வாஷரையே திரும்பப் போட்டு, மரையில் டேப்பைச் சுற்றிக் கசிவை மறைத்திருக்கிறார்கள். சில ரூபாய் வாஷர் அது!

டேங்க் பக்கத்துப் பைப்பிலும் அதே டேப். அந்தப் பைப்பின் வாயைப் புனல் மாதிரி விரித்திருப்பார்கள், நட்டை இறுக்கும்போது அந்த விரிப்பு எதிரே உள்ள கூம்பில் உட்கார்ந்து உலோகத்தோடு உலோகம் அழுத்தித்தான் கசிவு நிற்கும், மரைக்கு அதை இறுக்கிப் பிடிக்கிற வேலை மட்டும்தான். எங்கள் பைப்பில் விரிப்பே விரிசல் விட்டிருந்தது. அது டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போயிருக்கிறது.

விமானத்தின் எரிபொருள் லைனிலும் பிரேக் லைனிலும் இப்படி விரித்த வாய்க்கு டேப் சுற்றவே மாட்டார்கள் என்றார் சித்தப்பா. அங்கே விரிப்பின் கோணம் 37 டிகிரி, வண்டிகளில் பெரும்பாலும் 45, மாற்றிப் பூட்டினாலும் சரியாக உட்காராது. மீன் ஏற்றுகிற வேன்களின் பிரேக் பைப்புக்கும் இதுதான்: கசிந்தால் பைப்பை மாற்ற வேண்டும், டேப் துணுக்கு உள்ளே போனால் பிரேக்கே பிடித்துக்கொள்ளலாம். போகப் போகப் பருக்கிற கூம்பு மரைக்கு மட்டும்தான் மரையிலேயே அடைப்பு தேவை. அதற்கும் டீசல் தாங்குகிற பேஸ்ட்டை, முனையில் இரண்டு மரை விட்டுத் தடவ வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்றார் பட்டறைக்காரர், ஒரு பைசா வரவில்லை. வேலைக்குக் கொடுத்திருப்பவர்கள் பூட்டும்போது கூடவே நில்லுங்கள், செம்பு வாஷரை நீங்களே புதிதாக வாங்கிக் கொடுங்கள், பேன்ஜோ போல்ட்டிலோ விரித்த பைப் நட்டிலோ வெள்ளை டேப் தெரிந்தால் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லாமல் பணம் தராதீர்கள்.