பச்சைத் துவரையா, காய்ந்த துவரையா?

மார்கழி பிறந்துவிட்டால் ஈரோட்டுப் பக்கச் சந்தைகளில் பச்சைத் துவரங்காய் வந்துவிடும். அது கிடைக்கும் நாள்களில் எங்கள் வீட்டு அரிசியும் பருப்பும் சோற்றில் பருப்புக்குப் பதில் உரித்த பச்சைத் துவரைதான். "இது வாய்க்கு ருசி, அவ்வளவுதான். சத்து வேணும்னா காஞ்ச பருப்பு" என்பார் அமுச்சி, என் அம்மாவின் அம்மா.

எண்களும் முதலில் அவர் பக்கம்தான். 100 கிராம் பச்சைத் துவரையில் சுமார் 7 கிராம் புரதம், காய்ந்த முழுத் துவரையில் சுமார் 22. ஆனால் பச்சையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். காய்ந்த துவரையும் ஊறி வெந்தால் தண்ணீரைக் குடித்து உப்பிவிடுகிறது. வெந்த பிறகு 100 கிராம் எடுத்தால், பச்சையில் சுமார் 6 கிராம், காய்ந்ததில் 7-க்குக் கொஞ்சம் குறைவு. தட்டுக்கு வரும்போது வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கிராம்தான்.

அப்புறம் எதில்தான் வேறுபாடு? வயிற்றில். விதை முற்றும்போது தன் முளைக்காகப் புரதத்தைச் சேர்க்கிறது. கூடவே புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்களையும், இரும்பு, துத்தநாகத்தைப் பிடித்து வைக்கும் பைட்டேட்டையும் சேர்க்கிறது. நெற்றாகிக் காயும் கட்டத்தில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகள் கூடுகின்றன. உலர்ந்தாலும் விதை உயிரோடிருக்க அவை உதவுகின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. பெருங்குடலில் கிருமிகள் அவற்றைப் புளிக்கவைக்க, வாயு வருகிறது. பச்சையில் இந்தத் தொல்லை குறைவு. போதாததற்கு, வேகும் முன் 100 கிராமில் சுமார் 39 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. வெந்தபின் மிஞ்சுவதும் இரும்பை உடம்பு ஏற்க உதவும். காய்ந்ததில் அது இல்லவே இல்லை.

அதற்காகக் காய்ந்ததை ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சர்க்கரைகளே குடலின் நல்ல கிருமிகளுக்குத் தீனி. ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவைத்தால் டிரிப்சின் தடுப்பான் பெரும்பாலும் போய்விடும். பைட்டேட் சூட்டுக்கு அவ்வளவாக மசியாது, முளைகட்டினால் குறையும். செம்மண் பூசிக் காயவைத்த துவரை வருடம் முழுக்கக் கைகொடுக்கும். பச்சைக்கு அந்த வசதி ஏது?

துவரை போலவே பச்சையாகவும் காய்ந்தும் கிடைக்கும் மொச்சையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். காய்ந்த மொச்சையில் சயனைடு வெளிவிடும் பொருள்கள் உண்டு. ஊறவைத்த தண்ணீரையும் முதலில் கொதித்த தண்ணீரையும் கொட்டியே ஆக வேண்டும்.

எதை எடுத்தாலும் சோறோ கம்போ கூட வேண்டும். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், பயறில் குறையும் மெத்தியோனினைத் தானியம் ஈடுகட்டும், தானியத்தில் குறையும் லைசினைப் பயறு தரும்.

என் முடிவு இது: சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில், கிடைக்கும் மாதங்களில் பச்சைதான், மற்ற மாதங்களில் ஊறவைத்த காய்ந்தது. வாங்கும்போது பிஞ்சை எடுக்காதீர்கள், அதில் புரதம் இன்னும் சேர்ந்திருக்காது. காயை விரலால் அழுத்தினால் உள்ளே விதை திரண்டு தட்டுப்பட வேண்டும், தோல் இன்னும் பச்சையாக இருக்க வேண்டும்.