மெத்தனால் கலத்துக்கு எந்தச் சவ்வு: நஃபியானா, பீக்கா, பிபிஐயா?

நேரடி மெத்தனால் எரிகலத்தில் (மெத்தனாலிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் கருவி) இரு மின்வாய்களுக்கும் நடுவே உள்ள சவ்வுக்கு இரண்டு வேலை: புரோட்டானைக் கடந்துபோக விட வேண்டும், மெத்தனாலைத் தடுக்க வேண்டும். இரண்டுமே ஒரே நீர்வழியில் போவதுதான் வினை. கசிந்த மெத்தனால் கேத்தோடில் (ஆக்சிஜன் வரும் மின்வாய்) வீணாக எரிகிறது, கலத்தின் மின்னழுத்தத்தையும் இறக்குகிறது.

டூபாண்ட் 1960களில் உருவாக்கிய நஃபியான்தான் இன்னும் அளவுகோல். டெஃப்லான் போன்ற முதுகெலும்பு, அதில் தொங்கும் சல்போனிக் அமிலக் கிளைகள். அமில முனைகள் ஒன்றுகூடி அகலமான நீர்க்கால்வாய்களை உண்டாக்குவதால் புரோட்டான் பாய்ந்தோடுகிறது, கூடவே மெத்தனாலும். ஹைட்ரஜன் கலத்துக்கு 50 மைக்ரான் தடிமனுள்ள நஃபியான் 212 ரகம் போதும். மெத்தனாலுக்குப் பெரும்பாலும் 180 மைக்ரான் தடிமனுள்ள 117 ரகத்தைத்தான் போடுகிறார்கள். அப்படியும் எரிபொருளை 1, 2 மோலார் அளவுக்கு நீர்க்கவைத்தே ஊற்ற வேண்டியிருக்கிறது.

பீக் என்பது பாலிஈத்தர் ஈத்தர் கீட்டோன் என்ற பிளாஸ்டிக். சல்போனேற்றிய, அதாவது சல்போனிக் அமிலம் சேர்த்த பீக்கில் அமிலம் விறைப்பான நறுமண வளையத்திலேயே ஒட்டியிருக்கிறது. கால்வாய்கள் குறுகல், முட்டுச்சந்துகளும் அதிகம், மெத்தனால் திணறுகிறது. செய்முறையும் எளிது: பீக்கை அடர் கந்தக அமிலத்தில் கரைத்துக் காத்திருந்தால் போதும். ஆனால் சல்போனேற்றம் குறைந்தால் கடத்துதிறன் இல்லை, மிஞ்சினால் சவ்வு வெந்நீரில் ஊதிக் கூழாகிவிடும்.

பாஸ்பாரிக் அமிலம் ஊறிய பிபிஐ (பாலிபென்சிமிடசோல் என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) 150 டிகிரிக்கு மேலும் நீரின்றி இயங்கும். ஆனால் திரவ மெத்தனால் பட்டால் அமிலம் கழுவிக்கொண்டு போய்விடும். ஆவியாகத்தான் ஊட்ட வேண்டும். கையடக்கக் கருவிக்கு ஆகாது.

சிலிகா, களிமண், கிராஃபீன் ஆக்சைடு கலந்த சவ்வுகள் ஆய்விதழ்களில் குவிகின்றன. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தாரும் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கலப்புச் சவ்வுகள் செய்திருக்கிறார்கள். இவற்றில் பலவும் "தெரிவுத்திறன் இத்தனை மடங்கு" என்று பெருமை பேசும். கடத்துதிறனை மெத்தனால் ஊடுருவலால் வகுத்த எண் அது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கடத்துதிறன் நஃபியானில் பத்தில் ஒன்று, ஊடுருவல் இருபதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: தெரிவுத்திறன் இரு மடங்கு! ஆனால் 117இன் மின்தடைக்கு இணையாக வர, படலம் 18 மைக்ரானாக இருக்க வேண்டும். ஈரத்தில் ஊதி, காய்ந்து சுருங்கி, சூட்டில் அழுத்தி ஒட்டும்போது அது கிழியாமல் நிற்குமா? கட்டுரைகள் அந்தப் பக்கமே போவதில்லை.

பீக்குக்கு இன்னொரு தொல்லை உண்டு. மின்வாயில் இருக்கும் பசை பெரும்பாலும் நஃபியான். இரண்டும் வெவ்வேறு அளவில் ஊதுவதால் ஒட்டு விட்டுப்போகும். சவ்வைத் தனியாக அளந்தால் இது தெரியவே தெரியாது.

என் தேர்வு: 60 டிகிரிக்குக் கீழே இயங்கும் சிறு கலத்துக்குக் குறுக்குப்பிணைப்பு செய்த (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிய) மெல்லிய பீக், மின்வாயிலும் அதே வகைப் பசை. நாள் முழுக்க அதிகச் சுமையில் ஓடும் கலமென்றால் நஃபியானையே வைத்துக்கொள்ளலாம். அங்கே மெத்தனால் ஊட்டப்படும் மின்வாயான ஆனோடே அதைப் பெருமளவு தின்றுவிடுவதால் கசிவதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.